கம்பு மாவுப் பையோடு நாலு நாள்

வெளிநாடு போய் வந்தவர்கள்தான் பயணக் கட்டுரை எழுத வேண்டும் என்று சட்டம் ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. என் மூத்த மகன் ஐந்து நாள் துபாய்க்குப் போய்விட்டு வந்து ஐந்து மாதம் அதையே பேசினான். நான் போனது பாலவனத்தம், மல்லாங்கிணறு, திருச்சுழி, நரிக்குடி. பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. ஆனாலும் அவன் பார்த்ததைவிட நான் பட்டது அதிகம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் வாத்தியார்மார் பொறுத்துக்கொள்ளட்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருக்க எனக்கு வராது. அருப்புக்கோட்டையில் மாவு மில் வைத்திருக்கிறேன். பதினோரு வயதில் அடுத்தவர் மில்லில் மூட்டை தூக்கினேன். இருபத்தெட்டில் பழைய மிஷின் ஒன்று வாங்கினேன். இன்றைக்கு ஐந்து மிஷின் ஓடுகிறது. மாவை இரண்டு விரலில் கிள்ளிப் பார்த்தே கல் கொத்தி எத்தனை நாள் ஆகிறது என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவனுக்கு வந்த வியாதியைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். கோதுமை ஆகாதாம்.

இரண்டு வருடமாகப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் ஏழுதான் இருக்கிறது என்றார்கள். முருங்கைக் கீரை தின்றேன், பேரீச்சை தின்றேன், ஞாயிறு தவறாமல் சுவரொட்டி வாங்கிச் சுட்டுத் தின்றேன். மண்ணீரலாகத் தின்றே ஒரு கிடை ஆட்டை முடித்திருப்பேன். ரத்தம் ஏழை விட்டு நகரவில்லை. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, சீலியாக் என்று ஒரு பெயர் சொன்னார். கோதுமையில் ஒரு பசைச்சத்து இருக்கிறதாம், குளூட்டன். என் குடலுக்கு அது விரோதி. குடலுக்குள்ளே தேங்காய்ப்பூத் துவாலை மாதிரி சின்னச் சின்ன இழைகள் நின்று சத்தை உறிஞ்சுமாம். கோதுமை பட்டுப் பட்டு எனக்கு அது மழுங்கிப்போய்விட்டது. இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாமல் அப்படியே வெளியே போய்விடுகிறது.

இதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கொத்து மழுங்கின கல்லில் எதைப் போட்டாலும் அரைபடாது. "மறுபடி கொத்தணுமா?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, கோதுமையை அடியோடு நிறுத்தினால் குடல் தன்னைத்தானே கொத்திக்கொள்ளும் என்றார்.

நிறுத்தினேன். எட்டு மாதம். பரோட்டா இல்லை, ரவை இல்லை, சேமியா இல்லை. கோதுமை கலந்திருக்கும் என்று கட்டிப் பெருங்காயத்தைக்கூட நிறுத்தினேன். இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றில் விழுங்கினேன். மாத்திரை பக்கத்தில் டீ ஆகாது என்றதால் டீயையும் விட்டேன். காலையும் ராத்திரியும் கம்பு. என் சொந்த மில்லில், என் கண் பார்க்க அரைத்த கம்பு. எட்டு மாதம் கழித்து ரத்தம் பார்த்தால் ஏழே கால்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விவரம் சொல்ல ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். வீட்டில் எங்கேயோ கோதுமை கலக்கிறது என்று சொல்லி, என் மனைவி பாண்டியம்மாளை முன்னால் உட்காரவைத்து அரைமணி நேரம் பாடம் எடுத்தாள். ஒரே தோசைக்கல்லா, ஒரே கரண்டியா, கையைக் கழுவினீர்களா. பாண்டியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். நான் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். தப்பு அகப்பட்டுவிட்டது என்று எனக்குத் திருப்தி.

டாக்டர் கெடு வைத்தார். என் கடைக்குட்டி மீனாவுக்குக் கல்யாணம் மூன்று வாரத்தில். அதற்கு முன் ஒரு திங்கட்கிழமை மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். ஏறவில்லை, காரணமும் தெரியவில்லை என்றால் படுக்கையில் போட்டு மறுபடி குழாய் விடுவோம், கல்யாணம் கார்த்திகையெல்லாம் எங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க நான் நிற்பேனா, கட்டிலில் கிடப்பேனா என்பது அந்தத் திங்கட்கிழமை கையில் இருந்தது. இடையில் நாலு நாள் பத்திரிகை வைக்கிற வேலை. கார் ஜவுளி எடுக்கப் போய்விட்டதால் நானும் பாண்டியம்மாளும் பஸ்ஸில் கிளம்பினோம். என் தோளில் இரண்டு கிலோ கம்பு மாவுப் பை.

பத்திரிகை வைக்கப் போன வீட்டில் கை நனைக்காமல் வரக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை நீட்டும்போதே உள்ளே எண்ணெய் காய்ந்துவிடும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். "மாவு நம்மளது, நீங்க அடுப்பும் தண்ணியும் மட்டும் குடுங்க" என்பேன். பாண்டியம்மாள் அவர்கள் அடுப்படிக்குப் போய், அவர்கள் சட்டியை மூன்று தடவை விளக்கி, எனக்குக் கம்பங்கஞ்சி காய்ச்சுவாள். மூன்று தடவை என்பது என் உத்தரவு.

முதல் நாள் உள்ளூர். நெசவு செய்கிற ஒரு வீட்டில், முப்பது வருட வாடிக்கை, கேசரியும் வடையும் வந்தன. நான் பையை எடுத்தேன். வீட்டுக்காரரின் மனைவியும் மருமகளும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். "மிஷின் அஞ்சானதும் நம்ம வீட்டுச் சீனி கசக்குது" என்றாள் பெரியவள். "பையைக் கையோட கொண்டுவந்திருக்காரே, வெசம் வச்சிருவோம்னு பயமோ" என்றாள் சின்னவள். மில்லுக்கு வருகிற நெசவுக்காரர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தெலுங்கு வந்து பல வருடம் ஆகிறது. நான் தெலுங்கிலேயே, வெசம் இல்லை தாயி, ரவைதான் பயம் என்றேன். இரண்டு பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கஞ்சி குடிக்கிறவரைக்கும் வெளியே வரவில்லை.

பிறகு வீட்டுக்காரர் உடம்புக்கு என்ன என்று கேட்டார். நான் விவரமாகச் சொல்லி, முடிவில், "நான் சுத்தமாத்தான் இருக்கேன். இவ அடுப்படி சுத்தம் பத்தல, அதான் ரத்தம் ஏறமாட்டேங்குது" என்றேன். பாண்டியம்மாள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வசனம் எனக்குப் பிடித்துப்போனது. அடுத்தடுத்த வீடுகளிலும் சொன்னேன்.

இரண்டாம் நாள் பாலவனத்தம். என் சித்தப்பா மகன் அங்கே இருக்கிறான். எனக்கு எட்டு மாதம் இளையவன், அதனால் மரியாதை கிடையாது. எனக்கு எண்ணெய்ப் பரோட்டா உயிர் என்று தெரிந்து, இருபது பரோட்டா வாங்கி அடுக்கி, சால்னாவோடு காத்துக்கொண்டிருந்தான். முறுகலாகப் பொரித்து, விரல் பட்டால் நொறுங்கும். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பரோட்டாவைப் பார்த்து அழுத மாவு மில் முதலாளி இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"ஏலே, ஒண்ணே ஒண்ணு தின்னா செத்தா போயிருவ?" என்றான்.

"உடனே சாகமாட்டேன். கல்யாணத்துக்குள்ள செத்துருவேன்" என்றேன்.

அவன் பாண்டியம்மாளைப் பார்த்தான். "மதினி, இவன் சின்னப் பிள்ளையில களிமண்ணத் தின்னு செரிச்சவன். நீங்க என்னத்தப் போட்டு இவன இப்பிடி ஆக்குனீக?" என்று கேட்டான். கேலிதான். நான் சிரித்துக்கொண்டே என் வசனத்தைச் சொன்னேன். அவள் இரண்டு பரோட்டாவைத் தின்றுவிட்டுக் கை கழுவப் போனாள்.

அங்கிருந்து மல்லாங்கிணறு போகிற பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப் பிடித்துவிடலாம் என்று இருபதடி ஓடினேன். பத்தாவது அடியில் காது அடைத்தது. படியில் தொற்றி ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி என்னையே பார்த்தார். ஒரு பூக்கார அம்மா, கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும், "தாத்தாவுக்கு எடம் விடுங்கப்பா" என்று சத்தம் போட்டு, தன் இடத்தையே கொடுத்துவிட்டது. நூறு கிலோ மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றியவன் நான் என்று அந்த அம்மாவிடம் சொல்லத் தொடங்கினேன். மூச்சு வாங்கியதில் நூறு என்பதோடு நின்றுவிட்டது. நூறு வயசா என்று அது கேட்டது.

மூன்றாம் நாள் திருச்சுழி. டவுன் வீடுகளை மதியத்துக்குள் முடித்துவிட்டு, உள்ளே ஒரு கிராமத்துக்கு ஆட்டோவில் போனோம். இரண்டு பக்கமும் சீமைக் கருவேல். டயரில் முள் ஏறிவிட்டது. டிரைவர் ஜாக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது, தள்ளுப்பா, ஆட்டோவை நான் தூக்கிப் பிடிக்கிறேன், நீ சக்கரத்தைக் கழற்று என்று குனிந்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தேன், பாண்டியம்மாள் குடை பிடித்துக்கொண்டிருந்தாள், எதிரே ஒரு ஆட்டுக்காரர் குந்தியிருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கட்டைவிரலால் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"வெள்ள வெளேர்னு இருக்கே அண்ணாச்சி. ஆடா இருந்தா இந்நேரம் பூச்சி மருந்து ஊத்தியிருப்பேன்" என்றார்.

நான் பார்த்த டாக்டர்களில் இவர்தான் சீக்கிரம் கண்டுபிடித்தவர். பூச்சி இல்லையப்பா, கோதுமை என்றேன். ஆடு எதைத் தின்றால் கழிகிறது என்று தெரியாவிட்டால், அது மேய்கிற ஒவ்வொரு செடியையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். பாண்டியம்மாள் பையிலிருந்து நெல்லிக்காயும் வெல்லமும் எடுத்துக் கொடுத்தாள். நான் அதை மென்றுகொண்டே, எல்லாம் உன் அடுப்படியால் வந்தது, திங்கட்கிழமை என்ன ஆகுமோ என்று அவளைத் திட்டினேன். அவள் குடையை வெயில் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

நான்காம் நாள் நரிக்குடி. என் தங்கை மகள் செண்பகம் அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளும் இன்னும் ஒன்பது பெண்களும் குழுவாகச் சேர்ந்து ஒரு மில் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் தகரக் கொட்டகை, ஒரே ஒரு மிஷின். கம்பும் குதிரைவாலியும் மட்டும்தான் அரைக்கிறார்களாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? பெல்ட் தொய்வாக இருக்கிறது, மூட்டையைச் சுவரோரம் வைக்காதே என்று வரிசையாகக் குறை சொன்னேன். செண்பகம் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டாள். பாண்டியம்மாள் கொட்டகைக்குப் பின்னால் இருந்த அடுப்பில் சட்டியை விளக்கிக்கொண்டிருந்தாள்.

என் மாவைக் காட்டினேன். "பாரு. இதுதான் மாவு. இப்பிடி விழணும்" என்றேன்.

செண்பகம் கிள்ளிப் பார்த்தாள். "நல்லா இருக்கு மாமா. எங்களுக்கு முந்தி அரைச்ச மாவு வாடை கல்லுல நிக்குது. நீங்க எப்பிடிச் சுத்தம் பண்ணுவீக?"

தொழில் கேள்வி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "எனக்கு அரைக்கிறதுக்கு முந்தி ரெண்டு படி கோதுமையப் போட்டு ஓட்டச் சொல்லுவேன். கல்லக் கழுவி விட்ட மாதிரி ஆயிரும். அதுக்கப்புறந்தான் என் கம்பு."

"கோதுமையா?" என்றாள். "அப்ப அந்தக் கோதுமை மாவு எங்க போகும் மாமா?"

"பெரும்பாலும் வெளிய வந்துரும். ஒரு கை மாவு கல்லுக்குள்ள நிக்கும். அடுத்துப் போடுறதோட சேந்து வரும்" என்றேன்.

இதை நான் முப்பத்தொன்பது வருடமாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். என் வாயால் சொல்லி, என் காதால் கேட்டது அன்றைக்குத்தான். எட்டு மாதமாக என் மாவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நானே நின்று, நானே சொல்லி, கோதுமையால் கல்லைக் கழுவியிருக்கிறேன். படிக்காதவன் செய்த தப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மில்லுக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது.

சட்டி விளக்குகிற சத்தம் நின்றிருந்தது. பாண்டியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

செண்பகத்துக்கும் விளங்கிவிட்டது. எங்கள் மாவை வாங்குகிறவர்கள் கோதுமை வாடையே ஆகாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள், அதனால் இந்தக் கொட்டகைக்குள் கோதுமையே ஏற்றுவதில்லை என்றாள். பிறகு மெதுவாக, "அந்தப் பைய ஆட்டுக்குப் போட்டுருவமா மாமா?" என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

அவளிடம் நாலு படி கம்பு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பெண்கள். அடுத்தவர் மில்லில் வரிசையில் நான் நின்றதே இல்லை. முன்னால் நின்ற அம்மா திரும்பி, எந்த ஊர், என்ன தொழில் என்று விசாரித்தது. "அருப்புக்கோட்டை. சும்மாதான் இருக்கேன்" என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பாண்டியம்மாள் ஏதாவது சொல்வாள் என்று ஊர் வருகிறவரைக்கும் காத்திருந்தேன். அவள் சன்னல் பக்கம் பார்த்தபடி, கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, இந்தப் பக்கம் மழை பரவாயில்லைபோல என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசி முடித்திருப்பேன். அந்த வசதியை அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை மதுரை. ரத்தம் ஏழே கால். ஒரு புள்ளி நகரவில்லை. சாப்பாட்டு விவரப் பெண் நோட்டைத் திறந்து, நேராகப் பாண்டியம்மாளைப் பார்த்து, "போன தடவையே அவ்வளவு சொன்னேனேம்மா" என்று ஆரம்பித்தாள். பாண்டியம்மாள் தலையைக் குனிந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வீட்டுக்குப் போய் மாவை மாற்றிக்கொண்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த யோசனையும் வந்தது என்பதை எழுதாவிட்டால் பொய்யாகும்.

"அவளக் கேக்காதீக தாயி. தப்பு எம்மேல" என்றேன். கல்லையும் கோதுமையையும் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

டாக்டர் என் சீட்டைப் புரட்டினார். "தொழில் என்னன்னு கேட்டப்ப, சொந்தத் தொழில்னுதானே சொன்னீங்க?" என்றார்.

மாவு மில் என்று சொன்னால் மரியாதை குறைவு என்று நினைத்து, பெரிய மனிதன் மாதிரி அப்படிச் சொல்லியிருந்தேன். கோதுமைத் தூசியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இனி மில்லுக்குள் கால் வைக்கக்கூடாது என்றார். காரணம் அகப்பட்டுவிட்டதால் மறுபடி குழாய் வேண்டாம், படுக்கையும் வேண்டாம், இரும்புச்சத்தை நரம்பு வழியாக இரண்டு தவணையில் ஏற்றிவிடலாம் என்றார். கல்யாணத்துக்குள் கொஞ்சம் ஏறும், குடல் சரியாக மாதக்கணக்கு ஆகும், நிற்பது உங்கள் பாடு என்று கையை விரித்தார்.

கடுங்காப்பி நிறத்தில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. பாண்டியம்மாள் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நாலு நாளாக வராத பேச்சு அங்கே வந்தது.

"அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டீக. சரி. மத்தவுக கிட்ட?"

"எந்த மத்தவுக?"

"என் அடுப்படி சுத்தமில்லன்னு சொன்னீகள்ல, அந்த வீட்டுக்காரவுக. முப்பத்தோரு வீடு."

"எண்ணுனியா?"

"தட்டப் பிடிச்சிட்டு நின்ன ஆளுக்கு வேற என்ன சோலி?"

கல்யாணத்தன்று மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க நின்றேன். யாரும் பிடிக்கவில்லை. கால் மட்டும் கொஞ்சம் ஆடியது, வேட்டிக்குள் தெரியவில்லை. அதற்கு முன்னால் விடிந்ததிலிருந்து மண்டப வாசலில் நின்றேன். வருகிறவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் பாண்டியம்மாள் நீட்டினாள். நான் கும்பிட்டு, வாங்க வாங்க என்று சொல்லி, கையோடு, அன்றைக்கு உங்கள் வீட்டில் இவளைப் பற்றிச் சொன்னது தப்பு, கோதுமை என் மில் கல்லிலிருந்துதான் வந்தது என்று சொன்னேன். நெசவு வீட்டுக்காரர்களிடம் தெலுங்கில் சொன்னேன். பாலவனத்தத்துக்காரன் பந்தி முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தான். சிலருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே விளங்கவில்லை, கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார்கள். ஒன்றிரண்டு பேரை அப்படியே உள்ளே அனுப்பிவிடப் பார்த்தேன். சந்தனக் கிண்ணம் என் முழங்கையில் இடித்தது.

இருபதாவது வீட்டோடு தொண்டை வறண்டுவிட்டது. பாண்டியம்மாள் ஒரு நாற்காலியை என் பின்னால் இழுத்துப் போட்டு, சொம்பை நீட்டினாள்.

"உக்காந்து குடிங்க" என்றாள். "இன்னும் பதினோரு வீடு வரணும்."